வாடிக்கையாளரின் ரூட்டை நம் கோருக்குள் விடலாமா?

ஜனவரி 6, 2025 (கேள்வி)

பட்டர்வொர்த்தில் சின்ன கம்பெனி. பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் சில கிளினிக்குகளுக்கும் லிங்க் கொடுக்கிறோம். இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்திருக்கிறது. ஜார்ஜ்டவுன், கூலிம், சுங்கை பட்டாணி, தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் என்று கிளைகள். எங்கள் ரவுட்டர்கள் எல்லாவற்றிலும் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் புரோட்டோகால்) ஓடுகிறது. சங்கத்தின் கிளைகளை அதிலேயே தனி ஏரியாவாக, அதாவது தனிப் பிரிவாக, சேர்த்து, கிளைக்குக் கிளை ஐபிசெக் டனல் (மறையாக்கிய இணைப்பு) போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்கிறேன். எம்பிஎல்எஸ் விபிஎன் (பாக்கெட்டில் லேபிள் ஒட்டி வாடிக்கையாளர்களைத் தனித்தனியாகப் பிரிப்பது) எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம். என் கணக்கு தப்பு என்றால் சொல்லுங்கள் அண்ணே.

ஜனவரி 6, இரவு (பதில்)

டனல் இருக்கட்டும் தம்பி. கோளாறு அந்த ஏரியாவில்தான்.

ஓஎஸ்பிஎஃப்பில் ஏரியா பிரிப்பது ரவுட்டரின் கணக்குப் பளுவைக் குறைக்கத்தான். அது வேலி ஆகாது. சங்கத்தின் ரவுட்டர் உள்ளே வந்த நிமிடத்திலிருந்து அது சொல்வதையெல்லாம் உங்கள் ரவுட்டர்கள் நம்பும். அங்கே யாராவது வெளி ரூட்டுகளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற அறிவிப்புகளை) அள்ளிக் கொட்டினால், சாதாரண ஏரியாவாக இருந்தால் அத்தனையும் உங்கள் கோர், அதாவது நெட்வொர்க்கின் நடுப்பகுதி, முழுக்கப் பரவும். உங்கள் லூப்பேக் முகவரியையே (ரவுட்டருக்கு அடையாளமான நிலையான முகவரி) ஒருவர் தெரியாமல் தன் ரவுட்டரில் அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூலிமில் சாயங்கால இடியில் ஒரு லிங்க் விழுந்து எழுந்து விழுந்தால், அந்தத் தடுமாற்றம் கோலாலம்பூர் ரவுட்டர் வரை போய்ச் சேரும். சங்கத்தின் ஒரு கிளையில் நடப்பதற்கும் உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது. வடிவமைப்பில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது.

அப்புறம், டனல் போடுவதானால் அந்த ஏரியாவே எதற்கு? டனலுக்கு வெளி முகவரிகள் ஒன்றையொன்று எட்டினால் போதும். ஆறு கிளைகளை ஒன்றோடொன்று நேராக இணைக்க 15 டனல். சங்கம் வளர்ந்து இருபது கிளையானால் 190. புதுக் கிளை வரும்போதெல்லாம் பழைய கிளைகள் அத்தனையிலும் கை வைக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?

ஜனவரி 7

“அப்படியானால் கோருக்கு என்னதான் தெரிய வேண்டும்” என்று தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். உங்கள் ரவுட்டர்களின் லூப்பேக் முகவரிகள், அவற்றை இணைக்கும் லிங்குகள். வாடிக்கையாளரின் ஒரு முகவரிகூட நடுவிலுள்ள ரவுட்டரில் இருக்கத் தேவையில்லை. பட்டர்வொர்த் ஃபெரிக்காரர் மோட்டார் சைக்கிளை அக்கரையில் இறக்கிவிடுவார், அதற்குமேல் அது ஜார்ஜ்டவுனில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேட்பதில்லை. நடு ரவுட்டரும் பாக்கெட்டின்மேல் ஒட்டிய லேபிளை, அதாவது ஓர் எண்ணை, பார்த்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிட்டால் போதும்.

வாடிக்கையாளரின் ரூட்டுகள் ஓரத்து ரவுட்டர்களில், அதாவது பிஇ ரவுட்டர்களில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ரூட்டிங் அட்டவணை, அதுதான் விஆர்எஃப். ஒரு பிஇ-இலிருந்து இன்னொரு பிஇ-க்கு அந்த ரூட்டுகளை எடுத்துப் போவது பிஜிபி என்ற புரோட்டோகால். இந்த முறை 1999-இல் ஆர்எஃப்சி 2547 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது, 2006-இல் 4364 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. கால் நூற்றாண்டாகத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய விஷயம், புதுச் சரக்கு அல்ல. நடுத்தர விலை ரவுட்டர்களிலேயே இன்றைக்கு இது இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு மட்டும் என்ற காலம் போய்விட்டது.

10-இல் தொடங்கும் தனியார் முகவரிகளை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலும் 10.1.1.0 இருக்கும், சங்கத்திலும் இருக்கும். பிஜிபிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியக் கூடாது என்றுதான் நான்கு பைட் ஐபி முகவரிக்கு முன்னால் எட்டு பைட் ரூட் டிஸ்டிங்குவிஷரை ஒட்டுகிறார்கள். மொத்தம் 12 பைட். அதன் வேலை வேறுபடுத்திக் காட்டுவது மட்டும். யார் ரூட் யாருக்குப் போக வேண்டும் என்பதை ரூட்டோடு கூடவே போகும் ரூட் டார்கெட் என்ற குறி முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

புதுக் கிளை வந்தால்? அந்தக் கிளை தொடும் பிஇ ஒன்றில் மட்டும் வேலை. மற்ற கிளைகள் தாமாகத் தெரிந்துகொள்ளும். 190 டனலை நினைத்துப் பாருங்கள்.

ஜனவரி 9

நேற்று ஒரு செந்தூல் நண்பர், “ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ரூட் டிஸ்டிங்குவிஷர் எண்ணை எல்லா பிஇ-யிலும் போடுகிறோம், ஞாபகம் வைக்க எளிது” என்று எழுதியிருந்தார். ஒற்றை லிங்க் உள்ள கிளைகளுக்கு அதில் ஆபத்தில்லை. சங்கத்தின் கோலாலம்பூர் தலைமையகம் மாதிரி இரண்டு பிஇ-யில் தொங்கும் இடத்துக்கு நான் அப்படிப் போட மாட்டேன்.

இரண்டு பிஇ-யும் ஒரே எண்ணோடு ஒரே ரூட்டை அனுப்பினால், ரூட் ரிஃப்ளெக்டர் (ஒரு பிஇ சொல்லும் ரூட்டை வாங்கி மற்ற பிஇ-க்குச் சொல்லும் ரவுட்டர்) அவற்றை ஒரே ரூட்டாக எண்ணி நல்லது ஒன்றை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லும். பட்டர்வொர்த் பிஇ-க்கு இரண்டாவது வழி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் வழி செத்தபின் ரிஃப்ளெக்டர் யோசித்து, இரண்டாவதை அனுப்பி, அது வந்து சேர்ந்து, அதற்குப் பிறகுதான் போக்குவரத்து திரும்பும். ஒவ்வொரு பிஇ-க்கும் ஒவ்வொரு எண் கொடுத்தால் இரண்டு வழியும் முன்கூட்டியே கையில் இருக்கும். சுமையையும் இரண்டிலும் பகிரலாம். விலை கொஞ்சம் கூடுதல் நினைவகம். தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜனவரி 10

கோரில் ஓஎஸ்பிஎஃப்பா, அதே வேலையைச் செய்யும் ஐஎஸ்-ஐஎஸ்ஸா என்று கேட்டவருக்கு: ஐஎஸ்-ஐஎஸ். அது ஐபியின்மேல் ஓடுவதில்லை, நேராக லிங்கின்மேல் ஓடுகிறது. அதனால் வெளியிலிருந்து யாரும் ஐபி பாக்கெட் அனுப்பி அதைத் தொட முடியாது. ஐபிவி6 வந்தபோது அதே புரோட்டோகாலில் இன்னொரு பகுதியாக ஒட்டிக்கொண்டது. ஓஎஸ்பிஎஃப்பில் அதற்கு மூன்றாம் பதிப்பு என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது.

ஜனவரி 15

ஐஎஸ்-ஐஎஸ் பற்றி மறுபடி யோசித்தேன். பட்டர்வொர்த் தம்பியிடம் இருப்பது மூன்று பேர் கொண்ட குழு. மூவருக்கும் ஓஎஸ்பிஎஃப் தலைகீழ்ப் பாடம், ஐஎஸ்-ஐஎஸ் முகவரி அமைப்பைப் பார்த்ததே இல்லை என்கிறார். அவருக்கு என் பதில் வேறு: ஓஎஸ்பிஎஃப்பிலேயே இருங்கள். எல்லாம் ஏரியா 0, வேறு ஏரியாவே வேண்டாம். இன்றைய ரவுட்டர்களுக்கு அந்த அளவு ஒரு பொருட்டே அல்ல. நள்ளிரவு இரண்டு மணிக்கு மொபைல் அடிக்கும்போது எழுந்து பார்க்கிறவருக்குத் தெரிந்த புரோட்டோகால்தான் நல்ல புரோட்டோகால். வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் மாறாது.

ஐஎஸ்-ஐஎஸ்ஸில் நான் விரும்பிய வசதி ஒன்று ஓஎஸ்பிஎஃப்பிலும் உண்டு, அதைக் கட்டாயம் போடுங்கள். ரவுட்டர் மறுபடி எழும்போது ஐஜிபி (கோரில் ஓடும் ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ்) சில நொடிகளில் தயாராகிவிடும், லேபிளும் பிஜிபியும் தயாராக இன்னும் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் “என் வழியாக வராதீர்கள்” என்று அது அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். ஐஎஸ்-ஐஎஸ்ஸில் ஓவர்லோட் பிட், ஓஎஸ்பிஎஃப்பில் மெட்ரிக்கை (வழியின் விலையை) உச்சத்தில் வைத்து அறிவிப்பது. பெயர் வேறு, வேலை ஒன்று.

ஜனவரி 19

வாடிக்கையாளர் ரவுட்டருக்கும் பிஇ-க்கும் நடுவே என்ன ஓட வேண்டும்? இந்த இழையில் அதிகக் கேள்வி வந்தது இதற்குத்தான், எனக்கும் அதிகம் பிடித்த பகுதி இதுதான்.

கிளினிக் மாதிரி ஒரே லிங்க், ஒரே சப்நெட் (முகவரித் தொகுதி) என்றால் ஸ்டாட்டிக் ரூட், கையால் எழுதிவைக்கும் வழி. அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம். கிளை கொஞ்சம் பெரிது, இரண்டு லிங்க் இருக்கிறது என்றால் பிஜிபி. எதை ஏற்றுக்கொள்வது, எதை அனுப்புவது, எத்தனை ரூட் வரை பொறுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அதில் கைப்பிடி இருக்கிறது. வாடிக்கையாளர் பிடிவாதமாகக் கேட்டால் மட்டும் ஓஎஸ்பிஎஃப். அதுவும் அவருடைய விஆர்எஃப்புக்குள் தனி ஓஎஸ்பிஎஃப். உங்கள் கோரில் ஓடுவதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்தபோது ஒரு தொழிற்சாலை அப்படித்தான் கேட்டது. அவர்களுக்குக் கோலாலம்பூரில் ஒரு கிடங்கு. இரண்டு இடத்துக்கும் நடுவே அவர்களே பழைய மெதுவான லிங்க் ஒன்றைப் பேக்கப்பாக வைத்திருந்தார்கள். நாங்கள் வேகமான விபிஎன்னைக் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையிலேயே புகார்: வேகம் கொஞ்சமும் கூடவில்லை. பார்த்தால் போக்குவரத்து முழுக்க அந்தப் பழைய லிங்கிலேயே போகிறது. அவர்கள் ஆள் அதன் காஸ்ட்டை (ஓஎஸ்பிஎஃப் அந்த வழிக்கு வைக்கும் விலையை) ஏற்றிக்கொண்டே போகிறார், ஒன்றும் அசையவில்லை.

அசையாது. விபிஎன் வழியாக வரும் ரூட்டைக் கிளை ரவுட்டர் வேறு ஏரியாவிலிருந்து வந்ததாகப் பார்க்கிறது. பழைய லிங்கில் வருவது அதே ஏரியா. ஓஎஸ்பிஎஃப் முதலில் அதே ஏரியாவில் கிடைப்பதைத்தான் எடுக்கும், காஸ்ட்டைப் பார்ப்பது அதற்கு அப்புறம். இதற்கென்றே ஷாம் லிங்க் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4577-இல் இருக்கிறது. இரண்டு பிஇ-க்கும் நடுவே, கோரின்மேல், ஓஎஸ்பிஎஃப் கண்ணுக்கு மட்டும் ஒரே ஏரியா லிங்காகத் தெரியும் ஓர் இணைப்பு. அதைப் போட்டபின்தான் காஸ்ட்டுக்கு மரியாதை வந்தது. பழைய லிங்க் பேக்கப்பாக ஒதுங்கியது.

அதனால் சங்கத்திடம் முதலிலேயே கேளுங்கள்: “கிளைகளுக்கு நடுவே நீங்களே வைத்திருக்கும் வேறு லிங்க் ஏதாவது உண்டா?” இந்த ஒரு கேள்வியை விற்பனைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி 20

மேலே பிஜிபி பற்றிச் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். எல்லாக் கிளைக்கும் ஒரே தனியார் ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்), உதாரணத்துக்கு 65001, கொடுப்பது வழக்கம். அப்போது ஈப்போவின் ரூட் தைப்பிங்குக்குப் போகும்போது, தைப்பிங் ரவுட்டர் பாதையில் தன் எண்ணையே பார்த்து, “இது சுற்றி வந்த ரூட்” என்று தூக்கிப் போட்டுவிடும். பிஇ-யில் ஏஎஸ் ஓவர்ரைடு போட்டால் அந்த எண்ணின்மேல் உங்கள் எண் ஏறும், பிரச்சினை தீரும்.

ஆனால் அந்தச் சோதனைதானே வளையத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது? அதை எடுத்துவிட்டோம். இரண்டு பிஇ-யில் தொங்கும் தலைமையகத்தில் ஒரு கதவால் வெளியே போன ரூட் இன்னொரு கதவால் உள்ளே வரும். அங்கே சைட் ஆஃப் ஆரிஜின் குறியைச் சேர்த்துப் போடுங்கள். அந்த இடத்தில் பிறந்த ரூட்டை அதே இடத்துக்கு பிஇ திருப்பி அனுப்பாது. ஓவர்ரைடு, இரட்டை லிங்க் இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தக் குறியும் கூடவே வர வேண்டும்.

ஜனவரி 21

டைமர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பிஜிபி ஹோல்டு டைமுக்கு (அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லாமல் எவ்வளவு நேரம் பொறுப்பது) ஆர்எஃப்சி சொல்லும் அளவு 90 நொடி, சில ரவுட்டர்களில் முன்கூட்டியே 180 என்று இருக்கும். நடுவில் யாருடைய ஈதர்நெட் சுவிட்சாவது இருந்தால், அந்தப் பக்கம் கேபிள் அறுந்தாலும் இந்தப் பக்கம் போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூன்று நிமிடம் பாக்கெட் எல்லாம் குப்பைக்குப் போகும். பிஎஃப்டி போடுங்கள், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று அது இடைவிடாமல் பார்க்கும். கிளை லிங்குக்கு 300 மில்லி நொடி, மூன்று தவறினால் செத்ததாகக் கணக்கு. கோருக்கு 50 வரை இறங்கலாம், ரவுட்டர் அதை வன்பொருளிலேயே செய்யும் வகையாக இருந்தால்.

ஜனவரி 27

இனி மண்ணுக்கு வருவோம். புரோட்டோகால் பற்றி எவ்வளவு பேசினாலும் எல்லாம் கண்ணாடி இழையின்மேல்தான் ஓடுகிறது.

பினாங்குத் தீவில் வாடிக்கையாளர் வைத்திருக்கிற யாரும் முதலில் வரைய வேண்டியது ரவுட்டர் படம் அல்ல, நிலப்படம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இரண்டு பாலம். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், 2014-இல் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்குத் திறந்த 24 கிலோமீட்டர் பாலம். கடலடிக் கேபிள்கள் தனி. இரண்டு சப்ளையரிடம் இரண்டு லிங்க் வாங்கினோம், ஆக இரண்டு வழி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு சப்ளையரும் மூன்றாவது ஒருவரிடம் ஒரே கேபிளில் இழை வாடகைக்கு எடுத்திருக்கலாம். பிறைப் பக்கம் ஒரு சாலைப் பணியில் எங்கள் முதல் லிங்கும் பேக்கப் லிங்கும் ஒரே நிமிடத்தில் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரே மேன்ஹோல். படத்தில் இரண்டு கோடு அழகாக இருந்தது.

கேபிள் எந்தச் சாலை, எந்தப் பாலம், எந்தக் கட்டடத்துக்குள் எந்த வாசல் என்று வரைபடக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அந்த லிங்கைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். ஒரே குழியில் போகும் லிங்குகளை ஒரு குழுவாகக் குறித்துவைத்தால், ரவுட்டரே பேக்கப் வழியைக் கணக்கிடும்போது அந்தக் குழுவைத் தவிர்க்கும். இந்த வசதி பல ரவுட்டர்களில் தூசி படிந்து கிடக்கிறது.

வழியைச் சரிபார்க்க எளிய முறை ஒன்று உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ நொடி எடுக்கும். பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் 350 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 3.5 மில்லி நொடி. ரவுட்டர்கள், வளைவுகள் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு வரும். பேக்கப்புக்கு மாறும்போது பன்னிரண்டு காட்டினால் அது உண்மையிலேயே வேறு வழி, கிழக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று எண்ணலாம். இரண்டிலும் ஒரே எண் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

பிப்ரவரி 3

தம்பி ஆய்வுக்கூடத்தில் இரண்டு பிஇ வைத்து முதல் விஆர்எஃப்பை எழுப்பிவிட்டார். மகிழ்ச்சி. அடுத்து இப்படிக் கேட்டிருக்கிறார்: “பிங் போகிறது, உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது, கோப்பு ஏற்றினால் தொங்குகிறது.”

எம்டியு, அதாவது ஒரு லிங்க் விடும் மிகப் பெரிய பாக்கெட் அளவு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு லேபிள் 4 பைட். விபிஎன்னுக்கு இரண்டு லேபிள், 8 பைட். லிங்க் அறுந்து மாற்றுவழியில் போகும்போது மூன்றாவது ஏறலாம், 12 பைட். வாடிக்கையாளர் 1500 அனுப்புகிறார், நடுவில் வாடகைக்கு எடுத்த ஈதர்நெட் 1500-க்குமேல் விடுவதில்லை. சின்னப் பாக்கெட் போகும், பெரியது சத்தமில்லாமல் விழும்.

சோதனை: துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1500. பிஇ-க்கு வெளியே வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அடியுங்கள், கோரிலிருந்து கோருக்கு அடித்துத் திருப்திப்பட வேண்டாம். சொந்த லிங்குகளில் 9000-ஐ ஒட்டி வையுங்கள். வாடகை லிங்க் என்றால் ஒப்பந்தத்திலேயே எத்தனை பைட் என்று எழுதி வாங்குங்கள்.

பிப்ரவரி 9

நாளை மறுநாள் தைப்பூசம். தண்ணீர்மலைக்கும் பத்துமலைக்கும் பாதிக் குழு போய்விடும், போகவும் வேண்டும். இந்த வாரம் யாரும் கோரில் கை வைக்காதீர்கள். சங்கத்தின் வேலையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளட்டும்.

பிப்ரவரி 14

சுங்கை பட்டாணி வாசகர் ஒருவர் எழுதியது: “கோர் லிங்க் ஒன்று திரும்ப வந்ததும் விபிஎன் மட்டும் அரை நிமிடம் செத்துப்போகிறது. ஆனால் கோரில் பிங் எல்லாம் சுத்தமாக இருக்கிறது.”

கோர் பிங்குக்கு லேபிள் தேவையில்லை, விபிஎன்னுக்குத் தேவை. லிங்க் எழுந்ததும் ஓஎஸ்பிஎஃப் முந்திக்கொண்டு “வா இந்த வழியாக” என்று கூப்பிடுகிறது, லேபிள் பகிரும் புரோட்டோகாலான எல்டிபி இன்னும் லேபிள் கொடுத்து முடிக்கவில்லை. எல்டிபி, ஐஜிபி இரண்டையும் இணைத்து வைக்கும் வசதியைப் போடுங்கள், ஆர்எஃப்சி 5443. எல்டிபி தயாராகும் வரை ஐஜிபி அந்த லிங்கை மிக விலையுயர்ந்ததாகக் காட்டும்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. கோரில் ஏரியா பிரித்து, எல்லையில் லூப்பேக்குகளைச் சுருக்கி அறிவிக்கிறவர்கள் உண்டு. விபிஎன் கோரில் அதைச் செய்யவே கூடாது. பிஇ-யின் லூப்பேக் /32 ஆகவே, அதாவது ஒற்றை முகவரியாகவே, கடைசி வரை போக வேண்டும். சுருக்கிய இடத்தில் லேபிள் பாதை அறுந்துவிடும். ஒரே ஏரியா போதும் என்று ஜனவரி 15-இல் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 22

“விபிஎன் என்று விற்கிறோமே, ரகசியமாகத்தானே போகிறது?” என்று சங்கத்தின் கணக்காய்வாளர் கேட்டாராம். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: இல்லை. எம்பிஎல்எஸ் விபிஎன் பிரித்து வைக்கும், மறைத்து வைக்காது. கேபிளில் கை வைக்க முடிந்தவர், அல்லது நம் கம்பெனியிலேயே ரவுட்டரில் நுழைய முடிந்தவர், உள்ளே போவதைப் பார்க்கலாம். மக்கள் சேமிப்பு போகும் லிங்க் அது.

இங்கேதான் தம்பியின் ஐபிசெக்குக்கு இடம் இருக்கிறது. சங்கத்தின் ரவுட்டரிலிருந்து சங்கத்தின் ரவுட்டருக்கு, சாவி சங்கத்தின் கையில். ரூட்டிங் பிரிவினை நம் பொறுப்பு, ரகசியம் அவர்கள் பொறுப்பு. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யப் போக வேண்டாம். ஐபிசெக் தன் பங்குக்குப் பல பைட் ஏற்றும் என்பதால், சங்க ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை) 1360 மாதிரி ஒரு அளவுக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிப்ரவரி 3-இல் பார்த்த அதே நோய் திரும்ப வரும்.

மார்ச் 1

“வடிகட்டி எல்லாம் எதற்கு, எங்கள் வாடிக்கையாளர் நல்லவர்” என்ற பின்னூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

2015 ஜூன் 12. நம் நாட்டு டெலிகோம் மலேசியாவின் ஏஎஸ் 4788-இலிருந்து ஏறக்குறைய 179,000 ரூட்டுகள் லெவல் 3 நிறுவனத்துக்குக் கசிந்தன. அந்தப் பக்கம் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. உலகின் பல மூலைகளின் போக்குவரத்து மலேசியா வழியாகச் சுற்றப் பார்த்து மூச்சுத் திணறியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வாங்கும் பக்கத்தில் “இந்த வாடிக்கையாளரிடமிருந்து இவ்வளவுக்குமேல் வராது” என்ற ஒரு வரம்பு வேலை செய்திருந்தால் அத்தனை தூரம் போயிருக்காது.

2022 ஜூலை 8. கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க். ஒரு மாற்றத்தின் நடுவே ரூட் வடிகட்டி ஒன்றை எடுத்தார்கள், ரூட்டுகள் வெள்ளமாகக் கோருக்குள் பாய்ந்தன, கோர் ரவுட்டர்கள் தாங்கவில்லை. கைப்பேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் ஒரே கோர் என்பதால் இரண்டும் ஒன்றாகப் போயின. ரவுட்டரைப் போய்ப் பார்க்க வேண்டிய நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோரை நம்பியிருந்தது. என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கே நேரம் பிடித்தது. கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இணைப்பு இல்லை. கடைகளில் டெபிட் கார்டு ஓடவில்லை, அவசர எண்ணை அழைக்கப் பலரால் முடியவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாம் கொடுக்கும் லிங்கின் அந்தப் பக்கம் கிளினிக் இருக்கிறது. ஒவ்வொரு கிளையின் பிஜிபிக்கும் ரூட் வரம்பு போடுங்கள். பத்து ரூட் அனுப்பும் கிளைக்கு ஐம்பது போதும். ஒவ்வொரு விஆர்எஃப்புக்கும் மொத்த வரம்பும் வையுங்கள். நிர்வாகத்துக்கு உங்கள் கோரைத் தொடாத ஒரு வழி வேண்டும், ஒவ்வொரு பிஓபியிலும் (உங்கள் ரவுட்டர்கள் இருக்கும் இடம்) வேறொரு கம்பெனியின் 4ஜி மோடம் கன்சோலில் மாட்டியிருந்தால்கூடப் போதும். மாதம் சில பத்து ரிங்கிட். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மார்ச் 8

சங்கம் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறதாம்: கோலாலம்பூரும் ஜார்ஜ்டவுனும் “ஒரே லேன் மாதிரி”, அதாவது ஒரே கட்டடத்து நெட்வொர்க் மாதிரி, இருக்க வேண்டும். சர்வர் விற்றவர் சொல்லிக்கொடுத்திருப்பார். முடியும். பழைய முறை விபிஎல்எஸ், 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7432-இன்படி ஈவிபிஎன் என்றால் இன்னும் நல்லது, மேக் (வன்பொருள்) முகவரிகளையும் பிஜிபியே எடுத்துப் போகும், இரட்டை லிங்க் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் ஜார்ஜ்டவுனில் யாராவது ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் குத்தினால், அந்தப் புயல் 350 கிலோமீட்டர் தாண்டித் தலைமையகத்தில் வீசும். எந்தச் சர்வருக்கு, எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு விலேன் (லேனில் ஒரு தனிப் பிரிவு) போதுமானதாக இருக்கும். மற்றதெல்லாம் ரூட்டிங்கிலேயே இருக்கட்டும்.

மார்ச் 16

செக்மென்ட் ரூட்டிங் பற்றி நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். தம்பியின் ரவுட்டர்கள் அதை ஆதரிக்கின்றன என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எல்டிபியை எழுப்பாமலேயே தொடங்கலாம். லேபிளை ஐஜிபியே எடுத்துப் போவதால் பிப்ரவரி 14-இல் சொன்ன எல்டிபி சிக்கல் அடியோடு போகிறது, ஓடும் புரோட்டோகால்களில் ஒன்று குறைகிறது. விஆர்எஃப், ரூட் டார்கெட், பிஜிபி எல்லாம் மேலே அப்படியே இருக்கும். பழைய ரவுட்டர் ஒன்றுகூட நடுவில் இல்லை என்பதால் இந்த ஆலோசனை. கலந்து இருப்பவர்கள் எல்டிபியிலேயே நிற்பதில் எந்தக் குறையும் இல்லை.

ரூட் ரிஃப்ளெக்டர் எங்கே என்ற கடைசிக் கேள்விக்கு: ஒன்று பட்டர்வொர்த், ஒன்று கோலாலம்பூர். இரண்டும் போக்குவரத்துப் பாதையில் இல்லாத தனி ரவுட்டர்கள், மெய்நிகர் ரவுட்டர் என்றாலும் சரி. எல்லா பிஇ-யும் இரண்டோடும் பேசட்டும். ஏதாவது ஒன்றைத் துணிந்து அணைத்துப் பார்த்து, ஒரு பாக்கெட்கூட விழவில்லை என்று தெரிந்தபின் வாடிக்கையாளரை ஏற்றுங்கள்.

ஏற்றும்போது முதலில் ஏதாவது ஒரு கிளினிக், ஸ்டாட்டிக் ரூட்டோடு. ஒரு வாரம் ஓடட்டும். பிறகு சங்கத்தின் ஈப்போ கிளை, ஒற்றை லிங்க், பிஜிபி. தலைமையகத்தை ஹரி ராயா விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியபின் எடுங்கள். இரண்டு பிஇ-யிலும் ரூட் டிஸ்டிங்குவிஷர் வேறு வேறாக இருக்கிறதா, சைட் ஆஃப் ஆரிஜின் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்குக் காலையில் இன்னொருவரை விட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் 1472 பிங் முடிவை இங்கே போடுங்கள் தம்பி, எல்லாக் கிளையிலிருந்தும்.